செத்த மயிலைக் குழுவில் போடலாமா?

எங்கள் பள்ளியின் 'பார்த்தோம்' வாட்ஸப் குழுவை இப்போது நடத்துகிற வித்யா டீச்சர் போன வாரம் என்னைப் போனில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குழு அவர் தலையில் விழுந்திருக்கிறது. பள்ளியைச் சுற்றிப் பிள்ளைகள் பார்க்கிற பறவை, பாம்பு, பூச்சி, கீரி, முயல் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டு, இன்னதென்று கண்டுபிடிக்கிற குழு அது.

"டீச்சர், ஒரு ரோசனை கேக்கணுமுங்க. லாரியில அடிபட்ட மரநாயை ஒரு பையன் போட்டோ புடிச்சுப் போட்டுட்டானுங்க. ஆறாவது படிக்கற சின்னப் புள்ளைங்க எல்லாம் பயந்துக்கிச்சுங்க. அம்மாமாருங்க சண்டைக்கு வர்றாங்க. இனிமே செத்தது எதையும் குரூப்புல போடக்கூடாதுன்னு ஒரு விதி வெச்சுரலாமுங்களா?"

"நாளைக்குச் சொல்றேன் கண்ணு" என்றேன். அந்த நாளை வந்து, போய், அதற்குப் பின்னால் இன்னும் சில நாளைகளும் போய்விட்டன. கரும்பலகை முன்னால் நின்ற காலமெல்லாம் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிப் பழகியவள் நான். பதில் தெரியாவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வேன். இந்தக் கேள்விக்கு மட்டும் சரியென்றும் தோன்றுகிறது, வேண்டாமென்றும் தோன்றுகிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது தாவரவியல். பி.எட். முடித்து, கிடைத்த ஊருக்கெல்லாம் பஸ் ஏறி, பெருந்துறைப் பக்கம் கொஞ்ச காலம், பெரியநாயக்கன்பாளையம் பக்கம் கொஞ்ச காலம் என்று அலைந்து, கடைசியாகச் சூலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் வந்து விழுந்தேன். ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம், தலைக்கு மேலே விமானச் சத்தம், இரண்டுக்கும் நடுவில் நான் ஒளிச்சேர்க்கை நடத்த வேண்டும். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். இலையைக் காட்டினால் குடும்பம், பேரினம் வரை சொல்வேன். விலங்கு என்றால் ஆடு, மாடு, எங்கள் தெரு நாய், அவ்வளவுதான்.

குழுவை ஆரம்பித்தவர் தலைமையாசிரியர் ரங்கராஜ் சார். "நீங்கதான் பாத்துக்கோணுமுங்க டீச்சர்" என்றார். "சார், நான் பாட்டனிங்க" என்றேன். "செடி இருக்கற எடத்துலதானுங்களே குருவி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழ் பேசும்போது எங்கள் எல்லோரையும் விட மரியாதை அதிகம் போடுவார். கோபம் ஏற ஏற அந்த மரியாதையும் ஏறும். சாதாரணமாகப் பிள்ளைகளை "வா கண்ணு, போ கண்ணு" என்கிறவர், ஒரு பையனைப் பார்த்து "நீங்க இங்க சித்தே வாங்க" என்றாரானால் அந்தப் பையன் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவான். அவர் கை ஓங்கி நான் பார்த்ததே இல்லை. அந்த 'ங்க' போதும்.

அவர் வைத்த முறை இது. பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. வீட்டுக்குப் போனபின் அப்பாவின் அல்லது அம்மாவின் போனில் படம் எடுத்துப் போட வேண்டும். அதனால் குழுவில் பிள்ளைகளின் பெயரே கிடையாது. 'தர்ஷினி அம்மா', 'கவிப்ரியா அப்பா' என்றுதான் எண்கள் இருக்கும். படத்துக்குக் கீழே முதலில் அளவு எழுத வேண்டும்: சிட்டு அளவா, மைனா அளவா, காக்கை அளவா, கோழி அளவா. பிறகு நிறம், இடம், என்ன செய்துகொண்டிருந்தது, சுற்றிலும் என்ன இருந்தது. பெயர் கடைசியில்தான். பெயரை முதலில் எழுதினால் கண் அந்தப் பெயருக்குத் தகுந்தபடி பார்க்க ஆரம்பித்துவிடும் என்பது அவர் கட்சி. அதன் பிறகு வேறு இரண்டு பிள்ளைகள் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். கடைசியாக நான் 'சரி' போடுவேன். ஒரு தரம் போட்டதை யாரும் அழிக்கக் கூடாது. தப்பென்றால் கீழே திருத்தம் எழுதலாம்.

இந்த அழிக்கக் கூடாது என்ற விதியில் முதலில் மாட்டியவள் நான்தான். உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பறவையை ஒரு பையன் போட்டான். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் பெரிய மனுஷியாக 'பருந்துக் குஞ்சாக இருக்கலாம்' என்று போட்டேன். மறுநாள் காலை வராண்டாவில் ரங்கராஜ் சார் என்னை நிறுத்தி, "டீச்சர், அது பொட்டைக் குயிலுங்க" என்றார். குயில் கறுப்பாகத்தானே இருக்கும் என்று சண்டைக்குப் போய், படம் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். அந்தப் 'பருந்துக் குஞ்சு' இன்னும் குழுவில் இருக்கிறது. புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் மேலே தள்ளிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்த குழுவில்தான் ஒரு சனிக்கிழமை காலை கவிப்ரியாவின் பதிவு வந்தது. அவள் ஒன்பதாவது படித்தாள். அதிகம் பேச மாட்டாள். அவள் அப்பா கந்தசாமிக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம், வீட்டோடு நான்கு தறி. அவர் போனிலிருந்துதான் அவள் எப்போதும் போடுவாள். அன்றும் முறை தவறாமல்தான் எழுதியிருந்தாள்:

'கோழியை விடப் பெரியது. பெட்டை மூன்று, ஆண் ஒன்று. எங்கள் தோட்டம், கிணற்றுக்குக் கிழக்கே வரப்போரம். அசையவில்லை. வாயில் நுரை. சுற்றிலும் சோற்றுப் பருக்கைகள் கிடக்கின்றன. பெயர்: மயில்.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண் மயிலின் தோகை வரப்பின் மேல் விரிந்து கிடந்தது. நான் அரண்டு போய் உட்கார்ந்திருக்கும்போதே, முறைப்படி இரண்டு பிள்ளைகள் 'சரி. மயில்தான். தோகை இருக்கிறது' என்று ஒப்புதல் போட்டுவிட்டார்கள். என் 'சரி' மட்டும்தான் பாக்கி. மயிலைக் கொன்றால் என்ன சட்டம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மயிலால் வெள்ளாமை என்ன பாடுபடுகிறது என்பதும் தெரியும். நான் என்ன போடுவது? சரி என்றால் எதற்குச் சரி?

ரங்கராஜ் சாரைக் கூப்பிட்டேன். "நீங்க ஒண்ணும் போட வேண்டாமுங்க. நானும் ரோசனை பண்றேனுங்க" என்றார். அந்த 'ங்க' வழக்கத்தை விட அழுத்தமாக விழுந்தது; போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் குழுவில் இருந்த யாரோ அந்தப் படத்தை வேறு எங்கோ அனுப்பி, அங்கிருந்து அது சுற்றி, மத்தியானத்துக்குள் கந்தசாமியின் தோட்டத்துக்குப் பாரஸ்டர் ஆட்களோடு வந்துவிட்டார். மயில்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்து மண்ணையும் சோற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை பாரஸ்டர் பள்ளிக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், பொறுமையான ஆள். கவிப்ரியாவின் பதிவை என் போனில் மூன்று தடவை படித்தார்.

"இது அந்தாளோட சொந்த நம்பருங்க டீச்சர். வெசம் வெச்சவனே போட்டோ எடுத்து ஸ்கூல் குரூப்புல போடுவானுங்களா? போடறதுன்னா அவன் வெக்கலைன்னு ஆகுது. புள்ளை போட்டுதுன்னா அப்பனுக்குத் தெரியாமப் போட்டுதுன்னு ஆகுது. எனக்கே ஒண்ணும் வெளங்கலீங்க."

வனத்துறைக்கே விளங்கவில்லை என்றால் பாட்டனிக்காரிக்கு என்ன விளங்கும்?

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கந்தசாமி வந்தார். பின்னால் கவிப்ரியா, யூனிபாரம் போடாமல், பாவாடை சட்டையில். எங்கள் பக்கத்தில் கோபத்தையும் கும்பிட்டுவிட்டுத்தான் காட்டுவார்கள். கும்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இதுக்குத்தானுங்களா நான் புள்ளையைப் பள்ளிக்கொடம் அனுப்புச்சேன்? என்ற போன்ல இருந்து என்னையே புடிச்சுக் குடுத்துப்போட்டாளுங்க. ஊரே என்னைக் கொலைகாரனாட்டம் பாக்குதுங்க. கந்தசாமின்னு பேரு வெச்சுக்கிட்டு மயிலைக் கொல்லுவனுங்களா?"

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் ரங்கராஜ் சார்.

அவர் தண்ணீர் குடிக்கவில்லை. "மக்காச்சோளம் வெதைச்சு நாலு நாள்தானுங்க ஆச்சு. கம்பெனி வெதை. வாங்கையிலயே மருந்து பூசிச் செவப்பாத்தான் வருது. அதைப் பறிச்சுத் தின்னா சாகாம என்ன பண்ணும்?"

"சோறுன்னு எழுதியிருக்குதுங்களே" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழமை அமாவாசைங்க. காக்காய்க்குச் சோறு வெச்சோம். உங்க ஊட்ல வெக்க மாட்டீங்களா?"

வைப்போம். நானும் அன்றைக்குத்தான் மொட்டை மாடியில் வைத்தேன். விதை என்றால் சரியாக இருக்கிறது. அமாவாசைச் சோறு என்றாலும் சரியாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மட்டும் எங்கேயோ இடித்தது. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அதை எட்டாவது படிக்கிற தர்ஷினி, அட்டெண்டன்ஸ் கொடுக்க வந்தவள், வாசலில் நின்று கேட்டுவிட்டாள்: "அப்பக் காக்கா ஒண்ணுகூட ஏனுங்க டீச்சர் சாகலை?"

"காக்கா புத்திசாலி அம்மணி" என்றார் கந்தசாமி, கொஞ்சமும் தயங்காமல்.

"நீங்க வகுப்புக்குப் போங்க" என்றார் சார் தர்ஷினியிடம். அவள் ஓடிவிட்டாள்.

பதிவைக் குழுவிலிருந்து அழிக்க வேண்டும் என்பதுதான் கந்தசாமி கேட்டது; அவர் போனில் அழித்துப் பார்த்தும் குழுவில் போகவில்லையாம். எனக்கு அழித்துவிடலாம் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் போனைக் கையில் எடுத்தும்விட்டேன். பாரஸ்டர்தான் பார்த்துவிட்டாரே, இனி இருந்தால் என்ன, போனால் என்ன? ரங்கராஜ் சார் என் கையைப் பார்த்தார்.

"டீச்சர், இன்னைக்கு இதை அழிச்சுப்போட்டா, நாளைக்கு எதை அழிக்கறதுன்னு யாருங்க முடிவு பண்றது?"

"அப்பச் செரிங்க" என்று எழுந்தார் கந்தசாமி. "இவ படிச்சது போதும். ஊட்டுத் தறிக்கு ஆள் பத்தறதில்ல. வாரேனுங்க."

அவர் வண்டியை எடுக்கப் போனபோது நான் கவிப்ரியாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் கண்ணு போட்டே? அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"தெரியலீங்க டீச்சர்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் இடம் காலியாகக் கிடந்தது. நான் பாடம் நடத்திக்கொண்டே அந்த இடத்தைப் பார்ப்பேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மறந்துபோகும். ஒரு மயில் படத்துக்காக ஒன்பதாவது படிக்கிற பெண் தறிக்குப் போவதா? சாரின் விதி பெரிதா, பெண்ணின் படிப்பு பெரிதா? விதியை விட்டால் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது என்ன? ராத்திரி ஒரு முடிவு எடுப்பேன், காலையில் பல் விளக்கும்போது அது மாறிவிடும். சாரின் மேல் கோபம், கந்தசாமியின் மேல் கோபம், சொல்லாமல் கொள்ளாமல் இதைப் போட்ட அந்தப் பெண் மேல்கூடக் கொஞ்சம் கோபம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாரும் நானும் கந்தசாமி வீட்டுக்குப் போனோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. கவிப்ரியா தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழவில்லை. கந்தசாமி தறியை நிறுத்திவிட்டு வந்து நாற்காலி போட்டார். காப்பி வந்தது. கோபம் இருந்தாலும் காப்பி வரும், அது எங்கள் ஊர்.

"ஒண்ணு கேக்கறனுங்க" என்றார். "செத்ததைப் போட்டீங்க. செரி. அது தின்னதைப் போட்டீங்களா? மக்காச்சோளத்தை மொளைக்க உடறதில்ல. தக்காளியில பழம், காய் எதையும் உடறதில்ல, கொத்திக் கொத்திப் போட்டுட்டுப் போகுது. இதை எவன் பாத்தான்? எவன் எழுதுனான்? செத்த நாலைப் பாக்க மட்டும் ஜீப்பு வருதுங்க. உங்க புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, என்ற தோட்டத்துல உக்காந்து, திங்கறதையும் எழுதிப் போடுங்க. அப்புறம் நான் இவளை அனுப்பறேன்."

ரங்கராஜ் சார் காப்பியைக் கீழே வைத்தார். "நாயந்தானுங்க. ஆனா தக்காளி வனவிலங்கு இல்லீங்களே" என்றார். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். அந்த மனிதர் குழம்பி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"சார், கால் தடத்தையும் எச்சத்தையும் நாம ஏத்துக்கறோமில்லீங்க? கொத்துன தக்காளியும் அது வந்த அடையாளந்தானுங்க" என்றேன். தாவரம் சம்பந்தப்பட்ட இடத்தில் எனக்குத் தானாகத் தைரியம் வந்துவிடும். அவர் தலையாட்டினார்.

சனிக்கிழமை விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போனோம். கிணற்று மேட்டில் தென்னை நிழலில் உட்கார வைத்தோம். பேசக் கூடாது, எழக் கூடாது. கவிப்ரியாவும் வந்து எங்களோடு உட்கார்ந்தாள். பக்கத்துத் தரிசில் இருந்த வேல மரங்களிலிருந்து மயில் அகவுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒன்றுகூட இறங்கவில்லை. வெயில் ஏறியது. கந்தசாமி விருந்துக்குச் சொல்லிவிட்டு ஒறம்பரை சொந்தபந்தம் யாரும் வராத வீட்டுக்காரர் மாதிரி வரப்பில் இங்கும் அங்கும் நடந்தார்.

"நேத்து இந்நேரத்துக்குப் பதினஞ்சு இருந்துதுங்க டீச்சர். சத்தியமாங்க."

"நம்பறேனுங்க" என்றேன். பிள்ளைகள் 'சத்தம் மட்டும். ஒன்றும் வரவில்லை' என்று எழுதினார்கள். பிறகு கொத்திப் போட்ட தக்காளிகளை எல்லாம் படம் எடுத்தார்கள். அது நிஜமாகவே பார்க்கச் சகிக்கவில்லை. பழுத்தது, காய் எல்லாம் ஓட்டையும் அழுகலுமாகச் சாலுக்குச் சால் கிடந்தது.

கடைசியில் கந்தசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்க புள்ளைங்களைத் தெனமும் அனுப்புங்க டீச்சர். எனக்கு வேற காவலே வேண்டாமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். "திங்கக்கெழமை அம்மணியை அனுப்பி வெக்கறனுங்க" என்றும் சொன்னார். எனக்கு அப்படியே பாரம் இறங்கியது. அந்த மயில்கள் எதனால் செத்தன என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. மண்ணும் சோறும் போன இடத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, எங்களுக்கு எட்டவில்லை. கந்தசாமியை ஆபீசுக்கு இரண்டொரு தரம் கூப்பிட்டார்கள், அதோடு சரி. ஊரில் ஒரு பேச்சா, இரண்டு பேச்சா?

அப்போது கவிப்ரியாவின் அம்மா, தூக்குப்போசியில் டீயும் இடுப்பில் ஒரு பையனுமாக வந்தார். கவிப்ரியாவுக்கு அவ்வளவு சின்னத் தம்பி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டீ ஊற்றுவதற்காகக் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார். அவன் தத்தித் தத்தி வரப்போரம் போய் உட்கார்ந்து, தரையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டான்.

கவிப்ரியா பாய்ந்தாள். அவள் கையிலிருந்த டீ டம்ளர் எங்கேயோ போய் விழுந்தது. தம்பியின் கன்னத்தை அழுத்திப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு, "துப்பு, துப்புடா சாமி" என்று கத்தினாள். குழந்தை வீறிட்டது. வெளியே வந்தது ஒரு சின்ன மண்ணாங்கட்டி.

"மண்ணுதான அம்மணி? அதுக்கு ஏன் இப்படிப் பதர்றே?" என்றார் அவள் அம்மா.

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாரம் முழுக்க வராத கண்ணீர் அப்போது வந்தது.

"கீழ கெடக்கறதெல்லாம் வாயில போட்டுக்குவானுங்க டீச்சர். அன்னைக்கும் அங்கதான் வெளையாடிக்கிட்டு இருந்தானுங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க. அதனாலதானுங்க போட்டேன்."

வனத்துறையும் சட்டமும் விதியும் தக்காளியும் என்று ஒரு வாரமாக எத்தனை பேச்சுப் பேசியிருப்போம். நான், சார், பாரஸ்டர் எல்லோரும் மயிலைப் பற்றியே கேட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

கந்தசாமி மனைவியிடம், "மொதல்ல புள்ளையை ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போ" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குக் கிழக்கே நடந்தார். அந்த இடத்தை வனத்துறைக்காரர்கள் அன்றைக்கே சுத்தமாகக் கூட்டி அள்ளியிருந்தார்கள். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, வரப்போரத்துப் புல்லை இரண்டு கையாலும் விலக்கி விலக்கித் தரையைத் தேட ஆரம்பித்தார். எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் புல்லை விலக்கினாள்.